தோட்டம் போனது; திடலும் போக வேண்டுமா?

(தொலைக்காட்சி உரையரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



போர்டிக்சன் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கடற்கரை. வார இறுதியில் கார்கள் வரிசை பிடிக்கும் தெலுக் கெமாங்கும், தங்கும் விடுதிகளும்தான். ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டி உள்ளே திரும்பினால் வேறொரு போர்டிக்சன் இருக்கிறது. சுவா பெத்தோங், பிராட்வால், சிலியாவ், லுக்குட், லிங்கி என்று நம்மவர்கள் வியர்வை சிந்திய தோட்டப்புறம் அது. 1891ஆம் ஆண்டிலேயே சிரம்பானிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு ரயில் ஓடியது. முதலில் ஈயமும் பிறகு ரப்பரும் போன வழி அது.

அந்தத் தோட்டங்களில் என்னென்ன இருந்தன என்று எந்தப் பெரியவரைக் கேட்டாலும் விரல் மடக்கிச் சொல்வார். லயன் வீடுகள், ஆயாக் கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில், கடைசியாக ஒரு திடல். மாலை நேரத்தில் திடலில் பந்து உருளும். தோட்டத்துக்குத் தோட்டம் காற்பந்துப் போட்டி நடக்கும். வெற்றி பெற்ற அணி லாரியில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பும்.

இதில் ஒரு கேள்வி யாரும் கேட்காமலேயே போய்விட்டது. அந்தத் திடலில் பெண்கள் எங்கே இருந்தார்கள்?

விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, பாலெடுத்து, நிறுவைக்குக் கொண்டுபோய், வீடு திரும்பி அடுப்பு மூட்டியவர்களும் அவர்கள்தான். உடல் வலிமை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியுமா? இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து மேட்டில் ஏறியவர்கள்! ஆனாலும் மாலையில் திடல் ஆண்களுக்கு, குழாயடி பெண்களுக்கு என்று பிரிந்துவிட்டது. அந்தப் பிரிவை எந்த துரையும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை. நமக்கு நாமே போட்டுக்கொண்டது அது.

இன்றைய உரை அந்தத் திடலைப் பற்றியது. அதற்கு முன்னால் வெகு தொலைவில் உள்ள ஒரு நாட்டுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது.

ரயில் பெட்டி ஆலையில் ஒரு கழகம்

ஐரோப்பாவின் நடுவில் உள்ள நாடு ஹங்கேரி. அதன் தலைநகர் புடாபெஸ்ட்டுக்கும் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கும் இடைவழியில் கியோர் என்றொரு ஊர் இருக்கிறது. ஆறுகள் கூடுமிடத்தில் அமைந்த ஆலை நகரம். மக்கள்தொகை ஏறக்குறைய 130,000. 1896ஆம் ஆண்டில் அங்கே ரயில் பெட்டிகளும் இயந்திரங்களும் செய்யும் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. 1904ஆம் ஆண்டில் அந்த ஆலையைச் சேர்ந்தவர்கள் தங்களுக்கென்று ஒரு விளையாட்டுக் கழகத்தை அமைத்தார்கள். கழகத்தின் பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கி 'ஏட்டோ' என்று இன்றும் அழைக்கிறார்கள். அதன் முதல் எழுத்து குறிக்கும் ஹங்கேரியச் சொல்லுக்கு 'ஒத்த மனம்' என்று பொருள்.

அந்தக் கழகத்தில் 1948ஆம் ஆண்டில் பெண்களுக்கான எறிபந்துப் பிரிவு தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள். வீடுகளும் பாலங்களும் இடிந்து கிடந்த காலம். அப்போதும் பெண்களுக்கு ஓர் அணி வேண்டும் என்று அந்த ஆலை நகரத்தில் நினைத்திருக்கிறார்கள்.

எறிபந்து நமக்குப் புதிதல்ல. பள்ளிகளில் 'போலா பாலிங்' என்று ஆடுகிறார்களே, அதுதான். அணிக்கு ஏழு பேர். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட களம். 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள கோல் கம்பம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் வைக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆட்டம் அரை மணி நேரமாக இரண்டு பாதி. ஓட்டம், எறிதல், குதித்தல் மூன்றும் சேர்ந்த விளையாட்டு. பெரிய திடல் கூடத் தேவையில்லை. ஒரு பள்ளியின் சபை கூடும் இடம் போதும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று நம் நாட்டுப் பள்ளிகளுக்கிடையே பெண் பிள்ளைகளுக்கும் இதில் போட்டிகள் நடத்தப்படுகின்றன.

கியோர் பெண்கள் 1957ஆம் ஆண்டில் ஹங்கேரியின் வெற்றியாளர்களானார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1956ல், அந்த நாட்டில் மக்கள் எழுச்சி வெடித்துச் சோவியத் டாங்குகளால் அடக்கப்பட்டது. அந்தத் துயரம் ஆறுமுன்னே அடுத்த ஆண்டிலேயே பெண்கள் கோப்பையை ஏந்தினார்கள். 1959ல் மறுபடியும் வென்றார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது தெரியுமா? 46 ஆண்டுகள் அவர்களுக்கு அந்தக் கோப்பை கிடைக்கவில்லை. 1959ல் ஆடிய பெண்களுக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிடும் காலம் அது. ஆட்சி மாறியது. பொதுவுடைமை ஆட்சி போய்ச் சந்தைப் பொருளாதாரம் வந்தது. பழைய அரசாங்க ஆலைகள் ஆட்டம் கண்டன. கழகத்தின் பெயருக்கு முன்னால் எழுதப்படும் ஆதரவாளர்களின் பெயர்கள் மாறின. ஆனால் அணி கலைக்கப்படவில்லை. அடுத்த தேசியக் கோப்பை 2005ஆம் ஆண்டில் வந்தது.

இந்த 46 ஆண்டுகள்தாம் இந்த வரலாற்றில் மிக முக்கியமான பகுதி. வென்ற ஆண்டுகளைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். வெல்லாத ஆண்டுகளில் விளக்கை அணைக்காமல் காத்தவர்களைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பந்து வாங்கியவர், பயிற்சி நேரத்தைக் குறித்தவர், கணக்கு எழுதியவர், சிறுமிகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் இல்லாமல் 2005ஆம் ஆண்டு வந்திருக்குமா?

தோல்வியிலும் கலையாத அணி

தேசியக் கோப்பை வந்த பிறகும் ஐரோப்பியக் கோப்பை எளிதில் கைக்கு வரவில்லை. ஐரோப்பிய வெற்றியாளர் லீக்கின் இறுதிக் கட்டத்தில் 2009ல் டென்மார்க்கின் விபோர்க் அணியிடம் தோற்றார்கள். 2012ல் மொந்தேநேகுரோ நாட்டின் புடுச்னோஸ்ட் அணியோடு இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் இரு அணிகளும் சமம். எதிரணியின் ஊரில் யார் அதிகக் கோல் போட்டார்கள் என்ற விதியின்படி கோப்பை கைநழுவிப் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதே கதைதான்.

அடுத்த ஆண்டு, 2013ல், நோர்வேயின் லார்விக் அணியை வென்று முதன்முறையாக ஐரோப்பிய வெற்றியாளர்களானார்கள். 2014ல் அதே புடுச்னோஸ்ட் அணியை இறுதியாட்டத்தில் 27–21 என்று வென்றார்கள். 2016 இறுதியாட்டத்தில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் அணியிடம் பெனால்டி எறிதலில் தோல்வி. பிறகு 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வெற்றி. 2018 தொடங்கி 2021 வரை ஐரோப்பிய வெற்றியாளர் லீக்கில் 55 ஆட்டங்கள் தோல்வியே காணவில்லை. 2021 அரையிறுதியில் பிரான்சின் பிரெஸ்ட் அணி அந்தத் தொடரை முறித்தது. 2022 இறுதியாட்டத்திலும் தோல்வி. இனி அவ்வளவுதான் என்று பலர் எண்ணியிருக்கலாம். ஆனால் 2024ல் ஜெர்மனியின் பீட்டிக்ஹைம் அணியையும், 2025ல் டென்மார்க்கின் ஒடென்சே அணியையும் வென்று ஏழாவது ஐரோப்பியக் கோப்பையையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இதைக் கேட்டதும் ஓர் எதிர்ப்பு எழும். "அவர்களுக்குப் பணம் இருக்கிறது ஐயா; அவுடி கார் நிறுவனம் பின்னால் நிற்கிறது" என்பார்கள். உண்மைதான். கியோர் நகரில் அவுடியின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது. பல ஆண்டுகள் அந்நிறுவனத்தின் பெயரை அணி தாங்கியது. நோர்வே, பிரேசில் என்று பல நாடுகளிலிருந்து உலகத் தரமான ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்தார்கள். பிரேசிலின் எடுவார்டா அமோரிம், நோர்வேயின் ஸ்டீனே ஓஃப்டெடால் போன்றவர்கள் வந்து ஆடினார்கள். பணமில்லாமல் இது நடக்காது. ஆனால் பணம் வந்தபோது அதை வாங்கிக்கொள்ள ஓர் அணி அங்கே உயிரோடு இருந்தது. 1948ல் அவுடி இல்லை. 1957ல் அவுடி இல்லை. அணி இருந்தது. விதை இருந்தால்தானே மழை பயன்படும்?

ஆலையை மட்டும் நம்பினால் என்னாகும் என்பதற்கும் ஹங்கேரியிலேயே பாடம் இருக்கிறது. டுனாவுய்வாரோஷ் என்றொரு எஃகு ஆலை நகரம். 1951 முதல் 1961 வரை அதற்கு ஸ்டாலின் பெயரையே சூட்டியிருந்தார்கள். ஆலையின் பெயரான டுனாஃபெர் என்பதையே தாங்கிய அதன் பெண்கள் எறிபந்து அணி 1995, 1998, 1999 ஆகிய ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு ஐரோப்பியக் கோப்பைகளை வென்றது. 1999ல் கிடைத்தது வெற்றியாளர் லீக் கோப்பை. கியோர் அணி அந்தச் சிகரத்தைத் தொட அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் ஆயின. ஆனால் டுனாஃபெர் அந்த உச்சத்தில் நிலைக்கவில்லை. எஃகு ஆலையும் 2020களின் தொடக்கத்தில் கடும் நெருக்கடியில் விழுந்தது. ஆலையின் நிழலில் வளரும் செடிக்கு ஆலை சாய்ந்தால் ஆபத்து.

இந்த வரி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத வரி.

பெயரைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்

கியோர் அணியின் வரலாற்றில் ஒரு பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அனிதா கோர்பிட்ஸ். பெயரைக் கேட்டால் நம் பக்கத்து வீட்டுப் பெண் போல இருக்கிறது. 1983ல் பிறந்தவர். பதின்ம வயதில் கியோருக்கு வந்து, ஓய்வு பெற்ற 2021ஆம் ஆண்டு வரை அந்த ஒரே கழகத்துக்காக ஆடியவர். 2005ஆம் ஆண்டின் உலகச் சிறந்த எறிபந்து வீராங்கனை என்று அனைத்துலக எறிபந்துச் சம்மேளனம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 2009ல் தோற்ற அணியில் அவர் இருந்தார். 2012ல் தோற்ற அணியிலும் இருந்தார். 2013ல் வென்ற அணியிலும் அவரே இருந்தார்.

2015ல் அவர் தாயானார். நம் பக்கம் என்ன சொல்வார்கள்? கல்யாணம் ஆனதோடு விளையாட்டுச் சட்டையை மடித்து வைத்துவிடு என்பார்கள். பிள்ளை பெற்ற பிறகு திடல் பக்கம் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அனிதா திரும்பி வந்தார். 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டு வெற்றிகளிலும் அணியில் ஆடினார். அவர் அணிந்த 13ஆம் எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று கழகம் முடிவு செய்தது. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அதே கழகத்தின் நிர்வாகத்தில் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

சிறுமியாக நுழைந்தவர் நிர்வாகியாக நாற்காலியில் அமர்கிறார். இதைத்தான் கழகம் என்கிறோம். ஒருவரிடமிருந்து இன்னொருவர் கற்று, அவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்து, ஆள் மாறினாலும் இடம் நிற்பது.

நம்மிடம் ஆள் இருந்தார்கள், கழகம் இல்லை

நம் பெண்களிடம் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். பேராக்கிலிருந்து வந்த எம்.ராஜமணி 1964ல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966ல் பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே 1966ஆம் ஆண்டில்தான் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டன. வீரர் விருது எம்.ஜெகதீசனுக்கு, வீராங்கனை விருது ராஜமணிக்கு. முதல் ஆண்டிலேயே இரண்டு விருதுகளும் நம் வீட்டுக்கு வந்தன.

அதன் பிறகும் பலர் வந்தார்கள். ஜி.சாந்தி 1993ல் 100 மீட்டர் ஓட்டத்தில் படைத்த 11.50 விநாடி தேசியச் சாதனை இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. இந்தப் பெயர்களைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் எல்லாரும் தனித்தனியாக ஓடியவர்கள். தங்கள் காலையும், ஒரு நல்ல ஆசிரியரையும், வீட்டாரின் பொறுமையையும் நம்பி உயர்ந்தவர்கள். ஒருவர் ஓய்வு பெற்றதும் அடுத்தவர் எங்கிருந்து வருவார் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மின்மினியைப் பார்த்து மகிழ்ந்தோமே தவிர விளக்கு ஏற்றி வைக்கவில்லை.

தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. 2018ல் தமிழ்நாட்டுப் பெண்கள் காற்பந்து அணி, பல ஆண்டுகள் அசைக்க முடியாதிருந்த மணிப்பூரை இறுதியாட்டத்தில் 2–1 என்று வென்று இந்தியாவின் தேசிய வெற்றியாளரானது. 2016ல் மதுரை வட்டாரத்தில் தொடங்கப்பட்ட சேது எஃப்சி என்ற பெண்கள் அணி, 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. தொடங்கி மூன்றே ஆண்டுகளில்! அங்கே பின்னால் நின்றது ஒரு கல்வி நிறுவனம். பெண்கள் அணிக்கு முதுகெலும்பாக ஒரு நிலையான அமைப்பு இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று வேண்டுமா?

படிவம் ஒன்றில் நின்றுபோகும் ஆட்டம்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். நெகிரி செம்பிலானில் 60க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்தின் பெயரை இன்னும் தாங்கி நிற்பவை. அங்கே பிள்ளைகள் எறிபந்தும் வலைப்பந்தும் ஆடுகிறார்கள். சிறிய பள்ளியில் அணிக்கு ஆள் சேர்ப்பதே பாடு. ஆனாலும் ஆசிரியர்கள் தங்கள் காரிலேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் மாவட்டப் போட்டியில் ஆட வைக்கிறார்கள்.

ஆறாம் ஆண்டு முடிகிறது. பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். பள்ளி தூரம். பயிற்சி மாலையில். பள்ளிப் பேருந்தோ பிற்பகலிலேயே புறப்பட்டுவிடும். திரும்பி வர வண்டி இல்லை. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அப்பாவுக்கு லாரி ஓட்டம். "வேண்டாம்மா, நேரத்தோடு வீட்டுக்கு வந்துடு" என்கிறார்கள். பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. காலம் அப்படி. ஆனால் 13 வயதில் அவளுடைய ஆட்டம் நின்றுபோகிறது. உலக வீராங்கனை ஆகாவிட்டால் போகிறது. அணியாக வாழும் பழக்கம், தோற்றாலும் மறுநாள் பயிற்சிக்கு வரும் பிடிவாதம், அக்காமார்களின் துணை ஆகியவையும் அன்றோடு நின்றுபோகின்றன. தனியாக நிற்கும் பிள்ளைக்குக் கைப்பேசிதான் துணை.

முன்பு அந்தப் பிள்ளைக்கு ஒரு தோட்டம் இருந்தது. சித்தி, அத்தை, பாட்டி என்று லயம் முழுக்கக் கண்கள் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. செண்டாயான் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தோட்டமாக இருந்த நிலம் நகரமாக எழுந்து நிற்கிறது. மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்கு வீடுகளுக்கும் சிதறிவிட்டார்கள்.

கோயில் நின்றது எப்படி?

இங்கேதான் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. தோட்டம் போன பிறகும் எத்தனையோ இடங்களில் கோயில் நிற்கிறது. லயம் இடிந்துவிட்டது, மக்கள் போய்விட்டார்கள், ஆனாலும் ஆண்டுத் திருவிழாவுக்கு எங்கெங்கோ இருந்து குடும்பங்கள் வந்து சேர்கின்றன. பக்தி ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. கோயிலுக்கு ஒரு நிர்வாகக் குழு இருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் இருந்தார்கள். வரவு செலவுக் கணக்கு இருந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி எழுதினார்கள். ஆண்டுக்கொரு முறை கூடி, சண்டை போட்டாலும், கணக்கை வாசித்தார்கள்.

காற்பந்து அணிக்கு என்ன இருந்தது? ஒரு வண்ணச் சட்டையும் நிர்வாகம் கொடுத்த பந்தும் இருந்தன. நிர்வாகம் போனதும் பந்தும் போனது; பந்தோடு அணியும் போனது. அமைப்பு உள்ளது பிழைத்தது. அமைப்பு இல்லாதது மறைந்தது.

நம் சமுதாயத்துக்குச் சேர்ந்து கட்டத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற நேரம் அது. பங்கு ஒன்று 100 வெள்ளி. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்றார்கள். பால்மரம் சீவிய கைகள் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தன. அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள்! கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவது. பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கிய சமுதாயத்தால் ஒரு பெண்கள் அணியை நடத்த முடியாதா?

என்ன செய்யலாம்?

பெரிய அரங்கம் வேண்டாம். அவுடி வேண்டாம். கியோர் 1948ல் எப்படித் தொடங்கியதோ அப்படித் தொடங்கினால் போதும்.

முதலாவது, ஒரு வட்டாரத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தாமானுக்கும் ஓர் அணி என்று கிளம்பினால் எதுவும் நிற்காது. லுக்குட்டிலிருந்து லிங்கி வரை உள்ள தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு முடித்து வெளியே வரும் பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே கழகமாக அமைக்கலாம். வாரம் ஒரு நாள், சனிக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் பயிற்சி.

இரண்டாவது, முறையாகப் பதிவு செய்ய வேண்டும். 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் விளையாட்டு அமைப்புகளைப் பதிவு செய்ய வழி இருக்கிறது. பதிவு இருந்தால்தான் வங்கிக் கணக்கு திறக்கலாம், மானியம் கேட்கலாம், திடலை முன்பதிவு செய்யலாம். வாய்ப்பேச்சில் தொடங்கும் அணி வாய்ப்பேச்சிலேயே முடியும்.

மூன்றாவது, வண்டி. பயிற்சியாளரைவிட முதலில் தேட வேண்டியவர் வேன் ஓட்டுநர்! வேடிக்கைக்காகச் சொல்வதல்ல. பெண் பிள்ளை பத்திரமாகப் போய்த் திரும்புவாள் என்ற நம்பிக்கை வந்தால் பாதிப் பெற்றோர் சம்மதிப்பார்கள். அம்மாமார்கள் இருவர் ஒவ்வொரு பயிற்சியிலும் உடனிருக்க முறை வைத்துக்கொண்டால் மீதிப் பாதியும் சம்மதிக்கும்.

நான்காவது, நிர்வாகத்தில் பெண்கள் இருக்க வேண்டும். பெண்கள் அணிக்கு ஆண்களே தலைவர், ஆண்களே செயலாளர், பெண்கள் தேநீர் மட்டும் என்ற வழக்கம் இங்கேயும் வந்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் பள்ளி அணியில் ஆடிவிட்டு இன்று நாற்பது வயதில் வீட்டில் இருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! அவர்களைத் தேடிப் பிடியுங்கள். அவர்கள்தான் நமது அனிதாக்கள்.

ஐந்தாவது, தோற்கத் தயாராக இருக்க வேண்டும். முதல் ஆண்டில் கோப்பை வராது. ஐந்தாம் ஆண்டிலும் வராமல் போகலாம். கோப்பை வரவில்லை என்று மேடை போட்டுத் திட்டாமல், எத்தனை பிள்ளைகள் இந்த ஆண்டும் திரும்பி வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பதின்மூன்று வயதில் வந்தவள் பதினெட்டு வயது வரை நின்றாள் என்றால் அதுவே கோப்பை.

கடைசியாக ஒரு வார்த்தை. கியோர் நகரத்தில் 1948ல் முதன்முதலாகப் பந்து எறிந்த பெண்கள், 2013ல் ஐரோப்பியக் கோப்பை வந்த நாளை எதிர்பார்த்து ஆடவில்லை. அன்றைய மாலைக்காக ஆடினார்கள். ஆலைச் சங்கு ஊதி வேலை முடிந்த பிறகு தங்களுக்கென்று ஒரு மணி நேரம் வேண்டும் என்று ஆடினார்கள். நம் பாட்டிமார்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. அம்மாமார்களுக்கும் பெரும்பாலும் கிடைக்கவில்லை. பேத்திகளுக்காவது கொடுக்க வேண்டாமா?

தோட்டத்தை விற்றவர்கள் நம்மைக் கேட்டு விற்கவில்லை. ஆனால் திடலை மறப்பதும் மறக்காமலிருப்பதும் நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை காலை ஒரு பந்தும் பத்துப் பிள்ளைகளும் போதும்.